நூலிழை பிசகாத சக்கரம்

தும்பிமலை ரயிலைப் பற்றி வழங்கும் கதைகளுள் இது ஒன்று. இதைச் சொல்வோர் பலர் குருவுக்கு வெண்தாடி வைத்துவிடுகிறார்கள். குருவுக்குத் தாடி இல்லை, அவர் பெண். சீடனை இளைஞன் என்பதும் பிற்சேர்க்கையே. சீடர் குருவைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர்.

குருவின் பெயர் பிலோமினா. எஞ்சின் வரைபடத்தில் தேர்ந்தவர். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியதால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் டீச்சர். சீடர் பரஞ்சோதி, நூற்பாலை ஒன்றில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நீராவி எஞ்சினை முழுதாக அறிந்துவிட்டுத்தான் கண் மூடுவது என்ற ஆசையோடு டீச்சரிடம் வந்து சேர்ந்தார். டீச்சர் அவரை அண்ணே என்றுதான் அழைப்பார்.

தும்பிமலையின் குறுகிய ரயில் பாதையை முன்னொரு காலத்தில் மூடிவிட்டார்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. எஞ்சின்கள் துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. நெடுநாள் கழித்து மலைக்காரர்கள் ஒரு சங்கம் கூடி மறுபடியும் பாதை போட்டார்கள். போட்ட பாதையில் ஓட எஞ்சின் இல்லை. புதிதாகக் கட்டுவோம் என்று துணிந்தார்கள்.

கட்டுவதற்கு வரைபடம் கிடையாது. பழைய எஞ்சினில் எஞ்சியது ஒரே ஒரு ஜோடிச் சக்கரம். அது கீழ் ஸ்டேஷன் வாசலில் பீடமேறி இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். புதிதாக லாரி வாங்கியவர்கள் அதன் முன் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள்.

பரஞ்சோதி அந்தச் சக்கரத்தைக் குளிப்பாட்டினார். சந்தனத்தைத் துடைத்து, சாயத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி, இரும்பின் மேனி தெரிந்த பிறகுதான் அளவுகோலைத் தொட்டார். ஓர் அளவை ஒரு முறை எடுத்து அவர் நம்பியதில்லை. காலையில் எடுத்ததை வெயில் ஏறியதும் சரிபார்ப்பார்.

“அந்தச் சக்கரத்துக்கே தாலி கட்டியிருக்கலாம் நீங்க” என்றாள் அவர் மனைவி.

“அது திருப்பிப் பேசாது” என்றார் பரஞ்சோதி.

அந்த அளவைக்கொண்டே டீச்சர் வரைபடம் எழுதினார். அச்சும் சட்டமும் பிறவும் அதிலிருந்தே பிறந்தன. சக்கரத்தைச் சுற்றிப் பூட்டும் எஃகுப் பட்டையை உருட்டித் தர வெளியூர் உலைக்கூடம் ஒன்று இசைந்தது. சக்கரம் தடம் விலகாதபடி தண்டவாளத்தின் உட்புறம் இறங்கி நிற்கும் விளிம்பை அத்தொழிலில் பிளாஞ்சு என்பார்கள். உலைக்கூடத்து மேலாளர் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பரஞ்சோதியிடம் கேட்டார்.

“பிளாஞ்சு இவ்வளவு மெலிசா இருக்கே பெரியவரே, அளவு சரிதானா?”

“எங்க மலைச் சக்கரம் ஒயிலா இருக்கும் சார். உங்க ஊரு மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி இருக்காது.”

மேலாளர் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஐந்தாண்டு உழைப்பில் எஞ்சின் எழுந்தது. முதன்முதலாக நீராவி பிடித்த நாளில் மலையே கீழே இறங்கி வந்து நின்றது. எஞ்சின் நேர்ப்பாதையில் அழகாக ஓடியது. பரஞ்சோதி ஓட்டுநருக்குப் பின்னால் நின்று தரையின் அதிர்வை உள்ளங்காலில் வாங்கிக்கொண்டிருந்தார். முதல் வளைவு வந்தது. வெளிச் சக்கரத்தின் பிளாஞ்சு தண்டவாளத்தை உரசியது, உரசியபடியே ஏறியது, ஏறி மறுபுறம் இறங்கிவிட்டது. எஞ்சின் மண்சரிவில் சாய்ந்து, பெருமூச்சு விட்டு நின்றது.

இவ்விடத்தில் கீழூரார் ஒரு மின்னலைச் சேர்ப்பார்கள். மேலூரார் சொல்வதில் மின்னல் இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உயிர்ச்சேதமும் இல்லை.

வளைவைப் போட்ட கூட்டத்தின் மேஸ்திரி மாதி, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“தண்டவாளத்தைத் தாண்டிக் குதிக்க இது என்ன பந்தயக் குதிரையா?” என்றாள்.

எவரும் சிரிக்கவில்லை.

சங்கத் தலைவர் சிற்றம்பலம் அங்கேயே முடிவு சொன்னார். “வெள்ளிக்கிழமை கூட்டம். பிழை தண்டவாளத்துலயா, எஞ்சின்லயான்னு சொல்லிடுங்க டீச்சர். தண்டவாளம்னா வளைவைப் பிரிச்சுப் போட்டு மறுபடி ஓட்டிப் பாப்போம். எஞ்சின்னா இத்தோட விட்டுடுவோம். டீசல் ஒண்ணு விலைக்கு வருது. இதைத் தூக்கி ஸ்டேஷன் வாசல்ல பீடத்துல வச்சுடலாம்.”

மறுநாள் எஞ்சினை இழுத்துப் பட்டறைக்குள் கொண்டு வந்தார்கள். பரஞ்சோதி அதன் அடியில் படுத்துக் கிடந்தார். ஒவ்வோர் அளவாக எடுத்து வரைபடத்தோடு ஒப்பிட்டார். எதுவும் பிசகவில்லை. வெளியே வந்தபோது டீச்சர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் தூங்கியிருக்கவில்லை.

“டீச்சர், நான் எங்கே தப்பு பண்ணினேன்?”

டீச்சர் குனிந்து தம் வலக்காற் செருப்பைக் கழற்றினார். கழற்றி எறிந்தார் என்று சொல்வோர் உண்டு. எறியவில்லை. முந்தானையால் துடைத்து, இரு கையாலும் நீட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இதே மாதிரி புதுசா ஒண்ணு வேணும். அளவெடுத்துக்கங்க.”

பரஞ்சோதி வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் கை தானாகவே அளவுகோலைத் தேடியது. செருப்பைத் திருப்பினார். குதிகாலின் வெளிப்பக்கம் சாய்ந்து, காகிதக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது.

“இந்தப் பக்கம் சேத்து வைக்கணுமே டீச்சர். இது தேஞ்சு போன...”

வாக்கியம் அங்கே நின்றது.

செருப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எஞ்சினிடம் போனார். தாம் லேத்தில் கடைந்த பிளாஞ்சைக் கட்டைவிரலால் தடவினார். மெலிந்து, தண்டவாளத்தை உரசும் பக்கம் செங்குத்தாக, கத்தி போல இருந்தது. எத்தனையோ மழைக்காலம் மலையைச் சுற்றிச் சுற்றி ஓடிய தேய்மானத்தை அவர் புத்தம் புது எஃகில், நூலிழை பிசகாமல், வெட்டியெடுத்திருந்தார்.

டீச்சர் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?”

“தெரியாது.”

“ஒரு சந்தேகம்கூட வரலையா?”

“செருப்பைத் தினமும்தான் மாட்டுறேன். நேத்து வீட்டுக்குப் போய்க் கழட்டினப்பதான் பாத்தேன்.”

பரஞ்சோதி தரையில் உட்கார்ந்தார்.

“உலைக்கூடத்துக்காரன் கேட்டான். நான் மாட்டுவண்டின்னு நக்கல் பண்ணினேன்.”

“வரைபடத்துல கையெழுத்து என்னுது.”

“அப்ப தேயாத அளவு எது டீச்சர்? அது புதுசா இருந்தப்ப எப்படி இருந்துச்சு?”

“யாருக்குத் தெரியும்? பாத்தவங்க யாரும் இல்லை.”

“தண்டவாளத்தை வச்சுக் கணக்குப் போடலாமே.”

“போடலாம். போட்டேன்.” டீச்சர் ஒரு தாளை நீட்டினார். அதில் தடித்த, உருண்ட, வேறொரு பிளாஞ்சு வரையப்பட்டிருந்தது. “குறைஞ்ச எஃகை ஒட்டி வளர்க்க முடியாது. பட்டை புதுசா வேணும். அந்த உலைக்கூடத்தை ஆடியிலேயே மூடிட்டாங்க. இவ்வளவு சின்னப் பட்டையை உருட்ட வேற ஆள் இல்லை. எல்லா இடத்துக்கும் போன் பண்ணிட்டேன்.”

வெளியே மாதியின் கூட்டம் சாய்ந்த மண்ணை வெட்டிச் சீர்செய்யும் ஓசை கேட்டது. பரஞ்சோதி குரலைத் தாழ்த்தினார்.

“தண்டவாளம்னு சொல்லிடுவோம்.”

டீச்சர் அவரைப் பார்த்தார்.

“வளைவைப் பிரிச்சுப் போடட்டும். அதுக்குள்ள எங்கயாவது பட்டை கிடைக்கும். கிடைக்கலேன்னா மெதுவா ஓட்டலாம். நடக்குற வேகத்துல. ஒரே ஒரு தடவை அது மலையேறி நான் பாத்துட்டா போதும்.”

“யாரை ஏத்திக்கிட்டு?”

பரஞ்சோதி கீழே கிடந்த செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தார்.

“நான் தடுக்கலை. வெள்ளிக்கிழமை நீங்களே பேசுங்க” என்றார் டீச்சர். “நீங்க என்ன சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் பரஞ்சோதிக்கு அன்று உறக்கம் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சங்கத்தார் எல்லோரும் ஸ்டேஷனில் கூடினார்கள். மாதியும் அவள் ஆட்களும் கதவோரம் நின்றார்கள். தங்கள் வேலையைப் பற்றித்தான் தீர்ப்பு வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மாதி காலையில் குளித்துத் தலைவாரி வந்திருந்தாள்.

“சொல்லுங்க. தண்டவாளமா, எஞ்சினா?” என்றார் சிற்றம்பலம்.

பரஞ்சோதி எழுந்தார். எந்தச் சொல்லைச் சொல்லப் போகிறோம் என்று எழும்போது அவருக்கே தெரியாது என்பார்கள். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதி பிறகு மாதியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“வளைவு நல்லா இருக்கு” என்றார் பரஞ்சோதி. “சக்கரம் தப்பு. பழைய சக்கரம் தேஞ்சது. தேஞ்சதை அப்படியே அளந்து புதுசுல வச்சுட்டேன்.”

“வச்சுட்டோம்” என்றார் டீச்சர்.

“மாத்த முடியுமா?” என்று கேட்டார் தலைவர்.

“முடியாது.”

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவரும் ஐந்தாண்டு இதற்காக அலைந்தவர்.

“அப்ப பீடம்தான்” என்றார்.

கலைந்து போகையில் மாதி பரஞ்சோதியின் அருகில் ஒரு கணம் நின்றாள்.

“அஞ்சு வருசம் உக்காந்து அளந்தீங்களே பெரியவரே” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஏசினாளா, இரங்கினாளா என்பதில் கதை சொல்வோருக்குள் ஒற்றுமை இல்லை.

கிரேன் வந்தது. பழைய சக்கர ஜோடியை இறக்கிப் புதருக்குள் உருட்டிவிட்டு, பீடத்தை அகலமாக்கி, அதன்மேல் புது எஞ்சினை வைத்தார்கள். உருளாதபடி சக்கரங்களைத் தண்டவாளத் துண்டோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். அந்த வேலைக்குப் பரஞ்சோதியைக் கூப்பிடவில்லை. அவரும் போய்ப் பார்க்கவில்லை. டீசல் எஞ்சின் வந்து நாளுக்கு இருமுறை மலையேறியது. குழந்தைகள் பீடத்து எஞ்சினின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ அதற்கும் சந்தனம் வைத்தார்கள்.

சாயம் பூசுகிறவர்கள் வரவிருந்த அன்று காலை, டீச்சர் பரஞ்சோதியின் வீட்டுக்கு வந்தார். கையில் இரும்பில் எழுத்துப் பதிக்கும் அச்சு உளிகளின் பெட்டியும் ஒரு சுத்தியலும் இருந்தன.

“வாங்க அண்ணே, ஒரு வேலை பாக்கி இருக்கு.”

“அதுல எனக்கு இனி என்ன வேலை டீச்சர்?”

டீச்சர் முன்னே நடந்தார். பரஞ்சோதி பின்னே போனார்.

பீடத்தில் ஏறி, டீச்சர் முன்சக்கரத்தின் உட்புறம் விரலை வைத்துக் காட்டினார். குனிந்து தலையை நுழைத்தாலன்றிக் கண்ணுக்குத் தெரியாத இடம். பிளாஞ்சின் கனத்தை அளப்பவன் இடுக்கி அளவுகோலின் வாயை வைக்கும் இடம்.

“இங்கே அடிங்க. ‘இது தேய்ந்த அளவு. எடுக்காதே.’”

“இங்கயா? முன்பக்கம் அடிச்சா நாலு பேர் படிப்பாங்களே.”

“நாலு பேருக்கு இல்லை.”

“சாயம் பூசினா மறைஞ்சு போயிடும்.”

“அளக்க வர்றவன் சுரண்டுவான். நீங்க சுரண்டலையா?”

பரஞ்சோதி எஞ்சினை அண்ணாந்து பார்த்தார். புதிய பித்தளை வெயிலில் மின்னியது. அது எந்த நாளும் மலையேறப் போவதில்லை. ஏறாதது அவ்வளவு அழகாக இருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. இந்த டீசலும் ஒரு நாள் போகும், பாதையும் போகும், மறுபடி ஒரு சங்கம் கூடும் என்பதெல்லாம் அவர் மனத்தில் ஓடியது. கீழே ஒரு தகப்பன் தன் மகளிடம், இதுதான் அந்தக் காலத்து எஞ்சின், அசல், என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர் மண்டியிட்டு உளியை இரும்பில் பொருத்தினார். 

“நம்மள மாதிரி இன்னொருத்தன் வருவானா டீச்சர்?”

“வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன்” என்றார் டீச்சர். “ஆழமா அடிங்க அண்ணே.”