கூட்டத்தைக் கலைத்த புறா

பெரிய நகரம் ஒன்றின் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு திடல். வருவோர் போவோரெல்லாம் அங்கே கம்பும் சோளமும் இறைப்பார்கள். ஹாரன் சத்தத்துக்குக்கூட அசையாமல் நூற்றுக்கணக்கான புறாக்கள் மொய்த்துத் தின்னும்.

அவற்றில் செங்காலன் என்றொரு புறா. சரியான தீனிப் பண்டாரம்! பக்கத்தில் இன்னொரு அலகு தெரிந்தாலே அதற்கு எரிச்சலாக வரும்.

எதிரே செல்போன் கோபுரத்தில் ஒரு வல்லூறு இருந்தது. அது எத்தனையோ முறை பாய்ந்து பார்த்துவிட்டது. புறாக்கள் மொத்தமாகச் சிறகடித்து எழும்பும்போது எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறும். ஏமாந்து திரும்பும்.

ஒருநாள் செங்காலன், "ஐயோ, வல்லூறு வருகிறது!" என்று சும்மாவே அலறியது. எல்லாப் புறாக்களும் பதறி எழும்பின. அவை தலைக்கு மேலே வட்டமடித்துவிட்டு இறங்குவதற்குள் செங்காலன் வேண்டிய மட்டும் கொத்திக்கொண்டது.

'அட, இது நல்ல வழியாக இருக்கிறதே!' என்று நினைத்தது. அதன்பின் தினமும் அலறியது.

பாவம், மற்றப் புறாக்கள்! ஒரு பாலித்தீன் பை பறந்தாலும் வெலவெலத்துப் போயின. தின்ன வாய் வைக்கவே பயந்தன. குஞ்சுகள் பசியில் கத்தின.

வெண்சிறகி என்ற தாய்ப்புறாவால் தாங்க முடியவில்லை. "அண்ணா, நாங்கள் எல்லோரும் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போகிறோம். நீயும் வந்துவிடு! இங்கே இருந்தால் உயிர் மிஞ்சாது!" என்று நடுங்கிக்கொண்டே கெஞ்சியது.

"நீங்கள் போங்கள், தங்கச்சி! என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது செங்காலன். சிரிப்பை அடக்குவதே அதற்குப் பெரும்பாடாக இருந்தது.

மறுநாள் திடல் முழுக்கத் தானியம். பங்குக்கு ஆளில்லை. செங்காலன் வயிறு முட்டத் தின்றது. சுற்றிலும் ஒரு சிறகுச் சத்தமும் இல்லை. சிமென்ட் தரையில் அதன் நிழல் மட்டுமே கிடந்தது.

அந்த நிழலின் அருகே இன்னொரு நிழல் விழுந்தது. அது மளமளவென்று பெரிதாகியது.

"வல்லூறு! வல்லூறு!" என்று செங்காலன் கதறியது. எழும்பப் பார்த்தது. தின்ற வயிறு மேலே எழ விடவில்லை.

"ரொம்ப நன்றி, தம்பி! அந்தக் கூட்டத்தில் யாரைப் பிடிப்பது என்றுதான் இத்தனை நாளும் விழித்தேன். இன்றைக்கு எனக்குக் குழப்பமே இல்லை!" என்றது வல்லூறு.

பிறகு திடலில் சில இறகுகளும், தின்ன ஆளில்லாத சோளமும்தான் கிடந்தன.

தன் ஒரு வயிற்றுக்காக மற்றவர்களைப் பயமுறுத்தி விரட்டுகிறவன், தன் உயிருக்குக் காவலாக இருந்தவர்களையே விரட்டிவிடுகிறான்.