சாயம் தின்ற கோணவாயன்

புங்க மரத்தடிக் குளத்துச் சேற்றில் கிருமிகள் கூட்டமாக வாழ்ந்தன. கண்ணுக்குத் தெரியாத உருவம். வாய்க்கொழுப்புக்கு மட்டும் குறைவில்லை.

உதிர்ந்து அழுகிய புங்க இலைதான் அவர்களுக்குச் சாப்பாடு. மழை விட்ட மறுநாள் ஊறிய இலையைப் பற்றி மண்டியன் என்ற கிருமி பேசத் தொடங்கினால், கேட்பவர்களுக்கு எச்சில் ஊறும்.

ஒருநாள் சாயப்பட்டறைக் கழிவு குளத்தில் இறங்கியது. தண்ணீர் நீலமாயிற்று. மரம் பட்டுப்போயிற்று. இலை விழுவதும் நின்றது.

"நான் கிளம்புகிறேன்! உங்களுக்குத்தான் கால் இல்லையே, பாவம்!" என்று சொல்லித் தவளை தாவிப் போனது.

சேற்றில் பசி பரவியது. "அந்தக் காலத்து இலை..." என்று மண்டியன் முனகிக்கொண்டே கிடந்தான்.

கூட்டத்தில் கோணவாயன் என்றொருவன் இருந்தான். பிறவியிலேயே வாய் கோணல். இலையைச் சிந்திச் சிந்தித்தான் தின்பான். "வாயை எங்கேடா வைத்திருக்கிறாய்?" என்று எல்லோரும் சிரிப்பார்கள். அதிகம் சிரித்தவன் மண்டியன்.

அந்தக் கோணவாயன் இப்போது சாயத்தை மென்றுகொண்டிருந்தான்!

"எப்படியடா இருக்கிறது?" என்று மண்டியன் கேட்டான்.

"ஒரே கசப்பு அண்ணே! ஒரு வாய் இறங்க அரை நாள் ஆகிறது. ஆனால் இறங்குகிறது!"

நேர் வாயில் நுழையாத சாயம் கோணல் வாயில் நுழைந்தது. கோணவாயன் கொழுத்தான். கிருமி வழக்கப்படி இரண்டாகப் பிளந்தான். இரண்டு நாலாயிற்று. அவர்களிலும் வாய் இன்னும் வாகாக வளைந்து பிறந்தவர்கள் வேகமாகத் தின்று பெருகினார்கள்.

கிருமிகளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. நூல் போன்ற குழாயை நீட்டித் தன் வித்தையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடலாம். கோணவாயன் மண்டியன் பக்கம் குழாயை நீட்டினான்.

"பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே!"

"என் வாயும் கோணிப்போகுமே!"

"கோணும்."

"இலையின் ருசி மறந்துபோகுமா?"

"எப்படிச் சொல்வேன் அண்ணே? எனக்கு அது சரியாகத் தெரிந்ததே இல்லையே!"

மண்டியனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரித்தோம்? எது கோணல் என்று நமக்கு யார் சொன்னது? பக்கத்தில் நேர் வாய்க்காரன் ஒருவன் பசியில் வெடித்துச் சிதறினான்.

மண்டியன் குழாயைப் பற்றிக்கொண்டான்.

முதல் வாய்ச் சாயம் தொண்டையை எரித்தது. விழுங்கினான். அடுத்த வாயையும் விழுங்கினான். குளத்தின் நீலம் மெல்ல மெல்ல வெளிறத் தொடங்கியது.

பழைய ருசிக்கு ஏங்குவதில் தவறில்லை. ஆனால் புதிய கசப்பை விழுங்கக் கற்றவனே அந்த ருசியை நினைத்துப் பார்க்க மிஞ்சியிருப்பான்.