கவிராயரின் இருமல்

ஆலங்கொடி நாட்டு அரசர் தென்னவராயருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தால் போதும். ஒன்று தயிர்ச்சோறு. மற்றொன்று தன் வம்சப் பெருமை. முதலாவதை அரண்மனைச் சமையற்காரி செங்கமலம் பார்த்துக்கொண்டாள். இரண்டாவதைத் திருமேனிக் கவிராயர் பார்த்துக்கொண்டார்.

தினமும் சபை கூடியதும், சூரியனில் ஆரம்பித்து அரசர் வரைக்கும் பாட்டன் பூட்டன் பெயர்களைப் பாட வேண்டியது கவிராயரின் வேலை. கணீரென்று பாடுவார். ஆனால் அரசரின் தாத்தா பெயரை நெருங்கும்போது மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து அரசரின் கவனமும் வெற்றிலைத் தட்டுக்குப் போய்விடும். இருமல் ஓய்ந்ததும் பாட்டு அரசரின் அப்பாவிலிருந்து தொடரும். சபையில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டுவிட்டு எந்த நாட்டில் போய்க் குடியிருப்பது?

அரசரின் குதிரைக்கும் வேட்டை நாய்க்கும் வம்சம் பாடிப் பொன்னாடை வாங்கிய கவிராயர், ஒருநாள் தயிருக்கும் பாடிவிட்டார். அரண்மனையின் முதல் தயிருக்கு ஆதிப் பாட்டியார் தம் கையால் உறை ஊற்றினாராம். அதில் ஒரு கரண்டி மறுநாள் பாலுக்கு, அதில் ஒரு கரண்டி அதற்கு மறுநாள் பாலுக்கு என்று இன்றுவரை அறுபடாமல் வருகிறதாம். வேறு வீட்டு மோர் ஒரு சொட்டும் கலக்கவில்லையாம். அரசர் பூரித்துப்போனார். அன்று முதல் தயிர்ச்சோற்றைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிசைந்தார்.

சித்திரை மாத வெயிலில் அந்தப் பூரிப்பு வாடியது. கவிராயர் மூச்சிரைக்க வந்தார். தன் மைத்துனியை அடுக்களையில் நுழைக்க நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"அரசே, செங்கமலம் செக்குத் தெருவில் போய் உறை மோர் வாங்கியிருக்கிறாள். ஒரு வாரமாகத் தங்கள் இலையில் விழுந்தது எண்ணெய் ஆட்டுகிறவர்கள் வீட்டுத் தயிர்."

அரசர் கோபத்தில் எழுந்துவிட்டார். அந்த ஒரு வாரமும் தயிர் பிரமாதம் என்று சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். கோபம் பாதி அதற்காகத்தான்.

செங்கமலத்தை அழைத்து வந்தார்கள்.

"பூனை சட்டியத் தட்டி விட்டுருச்சுங்க மகாராசா. ஒரு சொட்டு மிஞ்சல. விடிஞ்சா உங்களுக்குத் தயிர் வேணும். செக்குத் தெருப் பூங்காவனத்துக்கிட்ட ஒரு கரண்டி வாங்கி உறை ஊத்தினேன். எல்லா வீட்டுலயும் செய்யுறதுதானுங்க."

"எல்லா வீடும் அரண்மனையும் ஒன்றா?" என்றார் அரசர். "நாளை மதியம் என் இலைக்குத் தயிர் வர வேண்டும். வேறு வீட்டு மோர் ஒரு சொட்டும் அதில் பட்டிருக்கக் கூடாது. வராவிட்டால் நீ நாட்டை விட்டே போய்விடு."

இந்த அடுக்களையை விட்டால் செங்கமலத்துக்குப் போக்கிடம் இல்லை. அப்போது மருதநம்பி எழுந்தார். சபையில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, வாய் மட்டும்தான்.

"அரசே, தாங்கள் கேட்டதை நான் கொண்டுவருகிறேன். வந்துவிட்டால் செங்கமலம் இருக்கலாம் அல்லவா?"

"இருக்கலாம். இல்லாவிட்டால் அவளோடு நீரும் மூட்டை கட்டும்."

மறுநாள் மதியம் வெயில் கொளுத்தியது. அரசர் பசியோடு இலையில் உட்கார்ந்தார். கவிராயரும் செங்கமலமும் பக்கத்தில் நின்றார்கள். பட்டுத் துணி போர்த்திய வெள்ளிக் கிண்ணத்தை மருதநம்பி பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தார். அரசர் துணியை விலக்கினார். உள்ளே பால் தளும்பியது.

"இது பால்" என்றார் கவிராயர்.

"அப்பழுக்கில்லாத பால். வேறு வீட்டு மோர் ஒரு சொட்டும் படவில்லை" என்றார் மருதநம்பி.

"எப்போது தயிராகும்?" என்றார் அரசர். அவர் குரலில் பசி தெரிந்தது.

"ஆகாது அரசே. இப்படியே விட்டால் கெட்டுப்போகும். மிளகாய்க் காம்பைப் போட்டால் உறையும் என்றார்கள். அது எந்தத் தோட்டத்து மிளகாய் என்று கவிராயர் கேட்பாரே என்று விட்டுவிட்டேன். சரி, கடன் வாங்காத வீட்டு மோர் எங்காவது கிடைக்குமா என்று ஊரெல்லாம் விசாரித்தேன். சிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் பூனை உருட்டியிருக்கிறது, ஒரு வீட்டில் புளித்துப்போயிருக்கிறது. எல்லோரும் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு ஓடியவர்கள்தான்."

"அவர்கள் ஓடட்டும்" என்றார் கவிராயர். "அரண்மனையில் ஒன்று அற்றுப்போனால் அற்றதுதான். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்கக் கூடாது. அதுதான் வம்சம்."

"அழகாகச் சொன்னீர்கள்" என்றார் மருதநம்பி. "அப்படியே அரசரின் வம்சத்தையும் ஒருமுறை பாடிவிடுங்கள். பால்சோறாவது பெருமையோடு இறங்கட்டும்."

கவிராயர் உற்சாகமாக ஆரம்பித்தார். சூரியன் வந்தது. பூட்டன்கள் வந்தார்கள். தாத்தா பெயரை நெருங்கியதும் வழக்கம்போல இருமல் வந்தது.

"யாரப்பா அங்கே, கவிராயருக்குத் தண்ணீர் கொடு" என்றார் மருதநம்பி. "அவசரமில்லை. தொண்டையை நனைத்துக்கொண்டு அந்த இடத்திலிருந்தே தொடரட்டும்."

தண்ணீர் வந்தது. கவிராயர் குடித்தார், மறுபடி இருமினார். அரசரின் கை வெற்றிலைத் தட்டைத் தேடியது. சாப்பிடும் இடத்தில் தட்டு ஏது?

வேறு வழியில்லாமல் தாத்தாவை நினைத்துக்கொண்டார் அரசர். அரண்மனையில் வாரிசு அற்றுப்போனபோது, கம்பங்கொல்லையில் குருவி விரட்டிக்கொண்டிருந்த பையனைத் தூக்கி வந்து தத்து எடுத்தார்கள். அவர்தான் தாத்தா. ஏரி வெட்டியவர் அவர், எதிரியை விரட்டியவர் அவர். தயிர்ச்சோற்றை உருட்டி இந்தப் பேரன் வாயில் முதலில் ஊட்டியவரும் அவர்தான். அரசருக்குக் கண் கலங்கியது. தன்மேலேயே வெட்கமாகவும் இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்தார். மருதநம்பியைப் பார்த்தார். அவரோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"செங்கமலம், இந்தப் பாலை எடுத்துப்போய்ப் பூங்காவனத்து மோரையே ஊற்று. நீ எங்கும் போக வேண்டாம். மருதநம்பி, நாளை நீர் என் பக்கத்து இலையில் சாப்பிடுகிறீர்."

"என் தயிர்ப் பாட்டை என்ன செய்வது அரசே?" என்றார் கவிராயர், பரிதாபமாக.

"தாராளமாகப் பாடும்" என்றார் அரசர். "செக்குத் தெரு வரும்போது மட்டும் கொஞ்சம் இருமிவிடும்."