பாட்டு வாத்தியார் தூளியில் படுத்த கதை

கோணங்கிப்பட்டி ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் பவுன்ராஜுக்குத் தன் குரலைப் பற்றி எந்த மயக்கமும் கிடையாது. "நான் வாயைத் திறந்தா அடுத்த தெரு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும். அதையும் நானேதான் பிடிச்சுக் கட்டணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் அந்த வேலை மேல் அவருக்கு உசிரு. பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் கத்துவார்கள். எது சரி என்று அவருக்கும் தெரியாததால் எல்லாருக்கும் நல்ல மார்க் போட்டுவிடுவார்.

ஒருநாள் மாவட்டத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். பிள்ளைகள் பாடியதைக் கேட்டார். காதை நீவிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை பாட்டுப் போட்டி. இங்கேயிருந்து ஒரு பிள்ளையாவது ஒழுங்கா பாடணும். இல்லேன்னா பாட்டு வாத்தியார் பதவியே இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது."

பவுன்ராஜ் அவர் பின்னாலேயே ஓடினார். "எந்தப் பிள்ளைக்குப் பாட்டு வரும்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"வீட்டுல ஆர்மோனியம் மாதிரி ஏதாச்சும் இருக்கணும். தொட்டில்ல கிடக்கும்போதே அம்மா பாடியிருக்கணும். அப்படிப்பட்ட பிள்ளையாப் பார்த்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தலைமையாசிரியர் அங்கப்பன் உடனே கூட்டம் போட்டார். ஊரிலேயே ஆர்மோனியம் ஒன்றுதான். அதுவும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் வள்ளிமயில் வீட்டில் வைத்தார்கள். வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவள் மகன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் முறுக்குத் தின்றான்.

"பாட்டு வரலையே சார்" என்றார் பவுன்ராஜ்.

"வச்ச உடனே வந்துருமா? பால் தயிராகவே ஒரு பொழுது ஆகுதுல்ல" என்றார் அங்கப்பன்.

பொழுதும் சாய்ந்தது. வள்ளிமயில் ஆர்மோனியத்தின் மேல் வடாம் காயப்போட்டதுதான் மிச்சம். அதற்குள் மற்ற வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு எப்போது வரும் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அங்கப்பன் நெடுநேரம் யோசித்தார். "ஆர்மோனியம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும். வீடுகளை அதுகிட்ட கொண்டுவந்துடலாம்."

"வீட்டை எப்படி சார் தூக்குறது?"

"வீட்டை யாருய்யா தூக்கச் சொன்னா? கதவைத் தூக்கு. கதவுக்கு உள்ளே இருந்தா வீட்டுக்கு உள்ளே இருக்குன்னுதானே அர்த்தம்?"

பவுன்ராஜ் அசந்துபோனார். இந்த மூளை நமக்கு இருந்திருந்தால் நாமும் தலைமையாசிரியர் ஆகியிருக்கலாமே என்று நொந்துகொண்டார். ஊர்க் கதவுகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்து ஆர்மோனியத்தைச் சுற்றி நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் எல்லார் வீட்டுக்குள்ளும் ஆர்மோனியம் வந்துவிட்டது. எல்லார் வீட்டுக்குள்ளும் ஆடுகளும் வந்துவிட்டன. அது வேறு விஷயம்.

அடுத்தது தாலாட்டு. "தொட்டில்ல நான் எங்கே பாடினேன்? திட்டி வஞ்சுக்கிட்டேதான் ஆட்டினேன்" என்று ஒவ்வொரு தாயும் கையை விரித்தாள்.

"விட்டதை இப்ப பிடிச்சாப் போச்சு" என்றார் அங்கப்பன்.

போட்டியன்று காலையில் வகுப்பு உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளி தொங்கியது. அஞ்சாம் வகுப்புப் பயல்களின் கால் தரையில் இழுபட்டது. தாய்மார்கள் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே குறட்டை விட்டது.

பவுன்ராஜ் பதறிப்போனார். "போட்டிக்கு நேரமாச்சு, எழுப்புங்கம்மா!"

"தூங்குற பிள்ளையை எழுப்பக் கூடாது" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் சுருதி சேர்ந்து ஒலித்தது அது ஒன்றுதான்.

"சரி, முழிச்சிருக்கிறது யாரு?" என்று அங்கப்பன் சுற்றிப் பார்த்தார். "பவுன்ராஜ், உங்கம்மா தாலாட்டுப் பாடியிருக்காங்களா?"

"இல்ல சார். நான் அழுறதைக் கேட்டே அவங்களுக்குப் பாட்டு வெறுத்துப்போச்சு."

"அதான்யா இத்தனை வருஷமா உனக்குப் பாட்டு வரல!"

பவுன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மேல் தப்பில்லை என்று முதல்தடவையாக ஒருத்தர் சொல்லியிருக்கிறார். மறுபேச்சில்லாமல் தூளியில் ஏறிப் படுத்தார். தலைமையாசிரியரே தாலாட்டினார். பிறகு தூளியை ஒரு மூங்கிலில் கட்டி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் போட்டி மேடையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"பிள்ளை எங்கே?" என்று கேட்டார் அதிகாரியம்மா. சேலையை விலக்கினார்கள். பவுன்ராஜ் விரல் சூப்பிக்கொண்டு தூங்கினார்.

பாட்டு வாத்தியார் பதவி அங்கேயே ரத்தானது. முழித்த பவுன்ராஜ் விம்மி விம்மி அழுதார். "வேலை போனாப் போகுதும்மா. தாலாட்டு இப்பதான் கிடைச்சிருக்கு, இனிமேதான் எனக்குப் பாட்டு வரும். கத்துக்க விடுங்க." அங்கப்பன் மனமிரங்கி அவரை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

சேர்த்த பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. பாட்டு கற்க இத்தனை ஆசையாக ஒரு மாணவன் இருக்கிறான், வாத்தியார் இல்லை. அங்கப்பன் அதிகாரியம்மாவிடம் நடையாய் நடந்தார். தொல்லை தாங்காமல் அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். வேறு யாரும் அந்த ஊருக்கு வரச் சம்மதிக்காததால் பழைய வாத்தியாரையே போட்டார்.

இப்போது அங்கப்பனுக்குப் புதுக் கவலை. வாத்தியார் பவுன்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டால் மாணவன் பவுன்ராஜ் பெஞ்சில் இருப்பதில்லை. பவுன்ராஜ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் வாத்தியார் வருவதில்லை. ரெண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று அங்கப்பனுக்குப் புரிந்துவிட்டது. சமாதானம் பேச இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

ஒருத்தர்தான் வந்தார். இன்னொருத்தருக்காக அவரும் அங்கப்பனும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.