யார் வீட்டுப் பல்?

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், கேட்கிறவர் கடைவாய்ப் பல் இப்போதே ஆடட்டும்!

இலுப்பைக் காட்டில் கம்பளியம்மா என்ற கரடியும் அவள் புருஷன் புற்றழகனும் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தார்கள். குட்டிகள் இரண்டும் ஒரே தேனடையை நக்கும். நக்கிய வாயோடு தூங்கும். பெரியவன் பல் பளிச்சென்று இருந்தது. சின்னவன் பல்லோ கறுத்துக் குழி விழுந்துவிட்டது. வலியில் அவன் அலறிய அலறலில் பக்கத்து மலை நாவல் பழமெல்லாம் உதிர்ந்தது!

“எல்லாம் உங்க வீட்டுப் பல்!” என்றாள் கம்பளியம்மா. “உங்கப்பா கரையானையே ஊற வச்சுத்தானே தின்னார்!”

“எங்கப்பாவை இழுக்காதே! உங்கம்மா சிரிச்சா குகை மாதிரி இருக்கும்!” என்று உதட்டைப் பிரிக்காமலே உறுமினான் புற்றழகன்.

நாவல் காலத்தில் தொடங்கிய சண்டை இலுப்பை பூத்தும் ஓயவில்லை. சின்னவன் அழும்போதெல்லாம், வாயை மூடட்டும் என்று இன்னும் கொஞ்சம் தேனைக் கொடுத்தார்கள்.

சண்டைக்கு நடுவே கம்பளியம்மா தன் வலது கடைவாயை நாக்கால் தடவிக்கொள்வாள். அங்கே ஒரு குழி. கல்யாணமான நாளிலிருந்து பிசின் வைத்து அடைத்து மறைத்து வந்தாள்.

கடைசியில் மரங்கொத்தியை அழைத்தார்கள். பொந்தைப் பற்றி அதைவிட யாருக்குத் தெரியும்? சின்னவன் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தது.

“அக்கா, இது பால்பல். ஆனா இப்படியே விட்டா அடுத்து முளைக்கிறதும் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் பொக்கைவாய்தான்!”

கம்பளியம்மா சின்னவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். “பெரியவனும் அதே தேனைத்தானே தின்னான்?”

“பட்டை மெல்லிசான மரத்துல பொந்து சீக்கிரம் விழும். அது பிறவியிலேயே வர்றது. ஆனா ஈரம் தங்கினாத்தான் பொந்து! தேனைக் குறைங்க. தின்னதும் கொப்பளிக்கச் சொல்லுங்க. தினமும் வேப்பங்குச்சியால துலக்கிவிடுங்க. அது சரி, வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா? தெரிஞ்சா, இனிமே பிறக்கிற குட்டிக்கும் முதல்லேயே உஷாரா இருக்கலாம்.”

கம்பளியம்மா வலது கடைவாயை நாக்கால் தடவிக்கொண்டாள். சின்னவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

அவள் பிசினைத் துப்பினாள். “எங்க வீட்டுப் பல்தான். இந்தா, பார்த்துக்க!”

“நான் அப்பவே சொன்னேன்ல!” ஜெயித்த குஷியில் புற்றழகன் வாயைப் பிளந்து சிரித்தான். அவன் கடைவாய்ப் பொந்திலிருந்து ஒரு வவ்வால் படபடவென்று பறந்து போனது!

“அடப்பாவி!” என்றாள் கம்பளியம்மா. அத்தோடு சண்டை முடிந்தது.

அன்று மாலையே நால்வரும் ஓடையில் நின்று கொப்பளித்தார்கள். அவர்கள் துப்பிய தண்ணீரில் ஓடை கரைபுரண்டு ஓடியது. மறு வருஷம் சின்னவனுக்குப் புதுப் பல் வெள்ளை வெளேரென்று முளைத்தது. குழி ஒன்றுகூட இல்லை.

பிறப்போடு வந்த குறைக்கு யார் காரணம் என்று சண்டை போடுவதைவிட, அதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டு முன்கூட்டியே காத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த வவ்வால் விஷயத்தில் புற்றழகனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை!