யாரும் எழும்பாத வகுப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த சபாநாயகம் மாஸ்டர், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடமாகக் கணக்குப் படிப்பித்து வந்தார். முழங்கால் தேய்ந்த பிறகும் ஆள் ஓய்வுபெறுகிற மாதிரி இல்லை.

அந்த வருடம் அங்கே புதிதாக வந்த ஆசிரியை நிரஞ்சலா. வவுனியாவில் படிப்பித்தவள். இங்கே மறுபடி பரீட்சை எழுதி, படாத பாடுபட்டு இந்த வேலையை வாங்கியிருந்தாள். மாதம் முடிவதற்குள் விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டாள். மாஸ்டரிடம்தான் முதலில் சொன்னாள்.

"ஏன் பிள்ளை?"

"நான் வகுப்புக்குள்ள போனா ஒருத்தரும் எழும்புறேல்லை, சேர். காலை நீட்டிக்கொண்டு இருக்குதுகள். ஊரில நான் வாசலுக்கு வர முதலே வகுப்பு முழுக்க எழும்பி நிக்கும். இஞ்ச நான் ஒரு ஆளே இல்லை."

மாஸ்டர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"பள்ளிக்கூட அதிபரிட்டப் பின்னேரம் சொல்லலாம். இப்ப என்ர வகுப்பில வந்து இரும்."

அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முதல் மாணவி வந்தாள். மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அவள் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவன் வந்தான். மறுபடியும் எழும்பினார்.

இடுப்புப் பிடிப்பாக்கும் என்று நிரஞ்சலா நினைத்தாள். பிறகு பார்த்தால், ஆள் வரும்போது மட்டும்தான் எழும்புகிறார். கதவில் ஏதும் பழுதோ என்று திரும்பிப் பார்த்தாள். கதவு நன்றாகத்தான் இருந்தது.

பாதிப் பாடத்தில் ஒருவன் கொட்டாவி விட்டபடி வந்தான். யாருடையதோ கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்த மாஸ்டர், பேனையை வைத்துவிட்டு அவனுக்கும் எழும்பினார்.

மணி அடித்தது. பிள்ளைகள் திரும்பியும் பாராமல் போய்விட்டார்கள். நிரஞ்சலாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் ஏன் சேர் எழும்புறியள்? அதுகளெல்லோ எழும்ப வேணும்?"

"நான் வந்த முதல் நாள் வாசலில நிண்டு பாத்தன். ஒருத்தரும் எழும்பேல்லை. வீட்டை போய் அழுதன்."

"இவ்வளவு வருசத்தில அதுகள் ஒருநாளாவது எழும்பிச்சுதுகளா?"

"இல்லை."

"பிறகேன் சேர்?"

மாஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"படிப்பு நடக்கிற இடத்தில ஆராவது ஒராள் எழும்பத்தானே வேணும், பிள்ளை."

நிரஞ்சலா அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கும் முன்பே தன் வகுப்புக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.