எல்லைக்கல்லில் ஒரு பகல்

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அறுபது வயசில் மடத்துக்குச் சீடராக வந்தவர் தணிகாசலம். குரு வயிரவநாதருக்கோ நாற்பத்திரண்டுதான். சீடர் குருவை "சாமி" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார்.

அன்றைக்குத் தணிகாசலம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன ஐயா, போன வேகத்துல திரும்பிட்டீங்க?"

"நல்லதுக்கே காலம் இல்ல சாமி. நிலக்கரிச் சுரங்கம் வேணாம்னு மேல காரைப்பாடி மலைஜனங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கம்பெனிக்காரன் கரண்டு தர்றேன்னு ஆசை காட்டுறான். வெயில்ல ஓடுற கரண்டை நாமளே குடுத்துட்டா அவன்கிட்ட எதுக்குப் போகணும்? சோலார் தகடு, இன்வெர்ட்டர், முப்பது தெருவிளக்குன்னு லாரி நிறையக் கொண்டுபோனேன். தேன் கலந்த தண்ணி குடுத்தாங்க. அப்புறம் லாரியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன் சாமி?"

"எல்லைக்கல்லுகிட்ட நின்னு குரல் குடுத்தீங்களா?"

"ஹாரன் அடிச்சேனே!"

குரு விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்க, போவோம்."

ஊரார் யாராவது வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் வெளியாள் அந்தக் கல்லைத் தாண்டலாம். அது காரைப்பாடி வழக்கம். குரு கல்லுக்கு இந்தப் பக்கமே நின்று நீளமாக ஒரு குரல் கொடுத்தார். பிறகு மரநிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டும் போயிற்று. தணிகாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கேட்டிருக்காதோ சாமி?"

"கேட்டிருக்கும்."

"அப்ப ஏன் வரல?"

"அவங்களுக்கும் வேலை இருக்குமில்ல?"

வெயில் சாய்ந்தபிறகு ஈரக் குடத்தோடு மாதி வந்தாள். ஊர்த்தலைவி. கம்பெனி ஜீப்பை மறித்து முதலில் உட்கார்ந்தவள் அவள்தான்.

"அம்மா, இந்தத் தகடு இருக்கே..." என்று தணிகாசலம் ஆரம்பித்தார். குரு நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார்.

"ஆ! சரி சாமி... உங்களுக்கு என்னம்மா வேணும்?"

மாதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இத்தனை நாள்ல இதை யாரும் கேக்கலீங்க. தெருவிளக்கு எதுக்கு? இருட்டினா நாங்க தூங்கிடுவோம். தண்ணிதான் வேணும். தினமும் ஓடையிலேர்ந்து எட்டுக் குடம் சுமக்கிறோம். மோட்டார் போட்டுத் தர்றேன்னு கம்பெனிக்காரன் கையெழுத்துக் கேக்குறான். நாளன்னிக்கு ஊர்க்கூட்டம். என் முழங்கால் போச்சுங்க. நானே கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

தணிகாசலம் குருவின் பக்கம் திரும்பினார்.

"தகடு இருக்கு சாமி. மோட்டார்தான் இல்ல."

"மடத்துக் கிணத்து மோட்டாரைக் கழட்டுங்க."

"அப்ப நமக்குத் தண்ணி?"

"வாளி இருக்கு. நீங்க இருக்கீங்க."

அன்றிரவே மோட்டாரும் தகடும் எல்லைக்கல்லுக்கு வந்து சேர்ந்தன. மாதி தணிகாசலத்தின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். தகட்டை எங்கே வைக்கலாம், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்றெல்லாம் அவள்தான் சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டு பூட்டினார். மறுநாள் வெயில் ஏறியதும் ஓடைத் தண்ணீர் மேட்டில் வந்து கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்த நாள் கூட்டத்தில் ஒரு கையெழுத்துகூட விழவில்லை. ஜீப் வந்த வழியே போயிற்று.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சிரைக்க மடத்துக்கு ஓடி வந்தார்.

"சாமி, மலையைக் காப்பாத்திட்டோம்!"

இலை போட்டுக்கொண்டிருந்த குரு நிமிர்ந்தார்.

"மலையை அவங்கதான்யா காப்பாத்துறாங்க, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து. நீங்க ஒரு மோட்டார் மாட்டிக் குடுத்தீங்க. கையெல்லாம் இன்னும் கிரீஸ் பாருங்க. கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."